பதிவு செய்த கால்பந்து ஆட்டமும் மறைக்க வேண்டிய நேரக்கோடும்

ஒரு திரைப்படத்தைப் பதிவு செய்வதற்கும் ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பதிவு செய்வதற்கும் இடையே இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. திரைப்படம் எத்தனை மணிக்கு முடியும் என்பது அது தொடங்கும் முன்பே தெரியும். ஆட்டம் எப்போது முடியும் என்பது நடுவர் கடைசி விசிலை ஊதும்வரை மைதானத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது. திரைப்படத்தின் முடிவை யாராவது சொல்லிவிட்டாலும் அதைப் பார்க்கும் இன்பத்தில் பெரும்பகுதி மிஞ்சும். ஆட்டத்தின் முடிவு காதில் விழுந்துவிட்டால், நாம் ஆசையோடு பதிவு செய்து வைத்திருந்தது வெறும் ஆவணமாகிவிடும். பல ஆண்டுகளாக ஆட்டங்களை நேரலையில் பார்ப்பதைவிடப் பதிவில் பார்ப்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது. வீட்டுக் கருவிகள் படத்தையும் ஒலியையும் கையாளும் திறனில் எனக்குக் குறை ஏதும் இல்லை. அவை தடுமாறுவது நேரத்தைக் கையாளும் இடத்தில்தான். இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவது பெரும்பாலும் அதைப் பற்றியே.

ஒளிபரப்பாளர்களுக்கு இந்தச் சிக்கல் பழையது. பிபிசி 1937-லேயே ஆர்சனல் அணியின் மைதானத்திலிருந்து ஒரு காட்சி ஆட்டத்தை ஒளிபரப்பியது. ஆனால் அதை வைத்துக்கொண்டு பிறகு பார்க்கும் வழி யாரிடமும் இல்லை. 1964-இல் தொடங்கிய ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சி, பகலில் நடந்த ஆட்டத்தின் சுருக்கத்தை அன்றிரவே காட்டியது. எதைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பதை அப்போதும் நிலையமே முடிவு செய்தது. அந்த உரிமை வீட்டுக்கு வந்தது, வீட்டு வீடியோ நாடா முறைகளான பீட்டாமேக்ஸ் 1975-இலும் விஎச்எஸ் 1976-இலும் வெளிவந்த பிறகுதான். மூன்று மணி நேர கேசட் ஒன்றில் ஓர் ஆட்டம் தாராளமாக அடங்கியது. ஆயினும் நாடாவில் ஒரு தடை இருந்தது: பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே அதன் தொடக்கத்தைப் பார்க்க முடியாது. ஆட்டம் பாதி நடந்தபின் வீட்டுக்கு வந்தவர் அது முழுதும் முடியும்வரை காத்திருந்து, நாடாவைப் பின்னால் சுற்றி, அதன் பிறகே பார்க்கத் தொடங்க வேண்டும்.

1999-இல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளேடிவி என்ற இரண்டு பெட்டிகள் விற்பனைக்கு வந்தபோது அந்தத் தடை நீங்கியது. ஹார்டு டிஸ்க்கில் ஓரிடத்தில் எழுதிக்கொண்டே வேறோரிடத்திலிருந்து படிக்க முடியும் என்பதுதான் அவற்றின் அடிப்படை. நேரலையை நிறுத்தி வைப்பது, பின்னோக்கிச் சென்று ஒரு கோலை மறுபடி பார்ப்பது, இருபது நிமிடம் பின்தங்கி ஆட்டத்தைத் துரத்திக்கொண்டே போவது ஆகிய எல்லாமே அந்த ஒரு வசதியின் விளைவுகள். இன்று செட்-டாப் பாக்ஸ்களிலும், ஹார்டு டிஸ்க்கை இணைக்க இடம் தரும் தொலைக்காட்சிகளிலும், வீட்டுக் கணினியில் ஓடும் மித்டிவி, டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருள்களிலும் நடப்பது இதுவேதான்.

டிஜிட்டல் பெட்டி பதிவு செய்யும்போது உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது, ஏனெனில் படத்தின் தரம் குறித்துப் பலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். படமும் ஒலியும் நிலையத்திலேயே சுருக்கப்பட்டு, 188 பைட் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாக வருகின்றன. பெட்டி அவற்றில் நமக்கு வேண்டிய சேனலுக்கு உரியவற்றைப் பொறுக்கி எடுத்து, வந்தது வந்தபடியே டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. இங்கே மறுபடியும் சுருக்கும் வேலை நடப்பதில்லை. ஆகவே பதிவின் தரம் நேரலையின் தரத்துக்குக் கடுகளவும் குறையாது. விஎச்எஸ் நாடாவில் மங்கிய நிறத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்புவது கடினமாக இருக்கலாம். அளவும் அச்சுறுத்தக்கூடியது அன்று. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி சேனல் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஓர் ஆட்டத்துக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்கினால் 12.6 ஜிபி ஆகும். அந்தக் கணக்கில் 1 டிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 80 ஆட்டங்கள் அடங்கும்.

இடத்தைவிடக் கவனிக்க வேண்டியது டிஸ்க் எந்த முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது என்பது. பழைய ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன வேகத்தில் அந்த எல்லை ஏறக்குறைய 70 நிமிடத்தில் வந்துவிடும். ஆட்டம் தொடங்கும்போது பதிவும் தொடங்கியிருந்தால், இரண்டாம் பாதி சூடுபிடிக்கத் தொடங்கும் நேரம் அது. நல்ல பெட்டிகள் கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதிச் சமாளித்துக்கொள்ளும். மற்றவை பேசாமல் நின்றுவிடும். புதிய பென் டிரைவையோ டிஸ்க்கையோ பெட்டியில் செருகினால், முக்கியமான ஆட்டத்துக்கு முன் ஏதாவது ஒரு சேனலை இரண்டு மணி நேரம் பதிவு செய்து சோதித்துவிடுவது நல்லது.

இனி நேரத்துக்கு வருகிறேன். 45 நிமிடங்களில் இரண்டு பாதிகளும் 15 நிமிட இடைவேளையும் சேர்ந்தால் 105 நிமிடங்கள். இரண்டு பாதிகளிலும் வீணான நேரத்துக்கு ஈடாகச் சில நிமிடங்கள் சேர்வதால், சாதாரண ஆட்டம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி முடியும். ஒளிபரப்பு நிரலும் பெரும்பாலும் இதை நம்பித்தான் தயாராகிறது. பெட்டியோ அந்த நிரலை நம்பித்தான் பதிவைத் தொடங்கி நிறுத்துகிறது. ஆனால் 2022 உலகக் கோப்பையில் வீணாகும் நேரத்தைக் கண்டிப்பாகக் கணக்கிட வேண்டும் என்று நடுவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இங்கிலாந்துக்கும் ஈரானுக்கும் இடையிலான ஆட்டத்தில், ஈரான் கோல் காப்பாளரின் தலையில் அடிபட்டதால் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடங்கள் சேர்க்கப்பட்டன. அந்தத் தொடரின் இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 80-ஆவது நிமிடத்திலும் 81-ஆவது நிமிடத்திலும் பிரான்ஸின் எம்பாப்பே அடித்த கோல்களால் நிலை 2-2 ஆனது. கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி ஒன்றும் எம்பாப்பே ஒன்றும் அடித்தார்கள். பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் மட்டும் பதிவு செய்யும்படி அமைத்திருந்த பெட்டி, 2-2 என்ற நிலையில் அநேகமாக ஓய்வெடுக்கப் போயிருக்கும்.

கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்திலும் இந்த ஆபத்து உண்டு. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 90 நிமிடங்கள் முடிந்தபோது பேயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. அதன் பிறகு சேர்க்கப்பட்ட சில நிமிடங்களுக்குள் ஷெரிங்கமும் சோல்ஷாரும் அடித்த இரண்டு கோல்களால் கோப்பை மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனது. அந்த ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்கள் இல்லாத பதிவு, ஆட்டத்தின் பதிவே அன்று. அது வேறோர் அணி வென்ற கற்பனைக் கதை.

இதற்கான மருந்து பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது. பதிவு தொடங்கும் நேரத்துக்கு முன்னும் முடியும் நேரத்துக்குப் பின்னும் கூடுதல் நிமிடங்களைச் சேர்க்கும் அமைப்பு அது. பலருடைய பெட்டிகளில் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இரண்டு, மூன்று நிமிடங்களில் கிடக்கும். லீக் ஆட்டத்துக்குக் குறைந்தது 30 நிமிடமும், தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் ஆட்டத்துக்கு 90 நிமிடமும் பின்னால் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. கணக்கு எளியது: கூடுதல் நேரத்தின் இரண்டு பாதிகளுக்கு 30 நிமிடம், அவற்றின் முன்னும் இடையிலும் பின்னும் கழியும் சில நிமிடங்கள், ஷூட் அவுட்டுக்குக் கால் மணி நேரம் என எல்லாம் சேர்ந்தால் ஆட்டம் தொடங்கியதிலிருந்து மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். பெட்டி அவ்வளவு நேரம் சேர்க்க விடவில்லையென்றால், ஆட்டத்துக்கு அடுத்து அதே சேனலில் வரும் நிகழ்ச்சியையும் பதிவுப் பட்டியலில் போட்டுவிடலாம். ஆட்டம் நீளும்போது அந்த நிகழ்ச்சியின் நேரத்தில் உண்மையில் ஒளிபரப்பாவது ஆட்டம்தான். அடுத்த நிகழ்ச்சி தனிக் கோப்பாகத் தொடங்கும்போது இரண்டுக்கும் இடையே சில நொடிகள் விடுபடக்கூடும் என்பதால், முந்தைய பதிவின் பின்சேர்க்கையை ஐந்து நிமிடமாவது நீட்டி வைப்பது பாதுகாப்பு.

இப்படி நீட்டுவதால் மற்றப் பதிவுகளோடு மோதல் வரலாம். ஒளிபரப்பைப் பிடிக்கும் டியூனர் இரண்டு உள்ள பெட்டியில் இரண்டு பதிவுகள் ஓடும்போது மூன்றாவதற்கு இடமில்லை என்று அது மறுக்கும். இங்கே பலர் அறியாத ஒரு வசதி இருக்கிறது: டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து வருவதால், அப்படிச் சேர்ந்து வரும் இரண்டு சேனல்களை ஒரே டியூனரால் பதிவு செய்ய முடியும். கணினி மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன. கடைகளில் கிடைக்கும் பெட்டிகள் பலவற்றுக்கு இந்தப் புத்தி கிடையாது.

ஆட்டம் முழுவதும் பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க உட்காரும்போதுதான் இரண்டாவது சிக்கல் தலைகாட்டுகிறது. இதைத் தயாரிப்பாளர்களில் எவரும் சிக்கலாகவே நினைத்ததாகத் தெரியவில்லை. நாம் ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரையின் அடியில் ஒரு நேரக்கோடு தோன்றுகிறது. எவ்வளவு பார்த்தோம், எவ்வளவு மீதி என்பதை அது காட்டுகிறது. திரைப்படத்துக்கு அது உதவி. ஆட்டத்துக்கு அதுவே காட்டிக்கொடுப்பவன். நாக் அவுட் ஆட்டம் ஒன்றில் 88-ஆவது நிமிடத்தில் நம் அணி 0-1 என்று பின்தங்கியிருக்கிறது, மனம் பதைக்கிறது, ஒரு ரீப்ளேயை மறுபடி பார்க்கப் பின்னோக்கிச் செல்கிறோம், கோடு தோன்றி இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி என்கிறது. சமன் செய்யும் கோல் வரப்போகிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு அழகான கோல் விழுந்தாலும் எதிர்பார்த்த விருந்தாளி வந்து சேர்ந்தது போலத்தான் இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு: நிலை 1-1 ஆக இருக்கும்போது கோட்டில் நான்கே நிமிடம் மீதி இருந்தால், யாரோ ஒருவர் உடனே கோல் அடிக்கப்போகிறார் என்று பொருள்.

பதிவுகளின் பட்டியலும் இதே துரோகத்தைச் செய்கிறது. சில பெட்டிகள், ஒளிபரப்போடு வரும் அடையாளக் குறிப்பைப் பார்த்து, நிகழ்ச்சி உண்மையில் எப்போது தொடங்கி எப்போது முடிந்ததோ அதற்கேற்பப் பதிவின் நீளத்தைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. பொறியியலாகப் பார்த்தால் இது மிகச் சரியான வசதி. இதனால் கூடுதல் நேரம் தவறிப்போவதில்லை. ஆனால் அன்று மாலை பட்டியலைத் திறந்தவுடன் ஒரு காலிறுதி 2 மணி 5 நிமிடம், மற்றது 2 மணி 55 நிமிடம் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். எந்த ஆட்டம் ஷூட் அவுட் வரை போனது என்பதை அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நான் கண்ட தீர்வு, மேலே சொன்ன பின்சேர்க்கையை இன்னொரு நோக்கத்துக்கும் பயன்படுத்துவது. நாக் அவுட் ஆட்டம் எதுவானாலும் நேரத்தைக் கையால் அமைத்து, ஒரே அளவாக மூன்றரை மணி நேரம் பதிவு செய்கிறேன். ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்தாலும் ஷூட் அவுட்டில் முடிந்தாலும் கோப்பின் நீளம் ஒன்றுதான். ஆகவே நேரக்கோடு எதைக் காட்டினாலும் அதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. சில ஜிபி வீணாகிறது என்பதற்காக இதைத் தவிர்ப்பவர்கள் டிஸ்க்கின் இடத்தைச் சேமித்து ஆட்டத்தைச் செலவழிக்கிறார்கள். கோடி (Kodi) என்ற பெயருள்ள மென்பொருளில் நேரக்கோட்டைக் காட்டாத தோற்றத்தை அமைத்துக்கொள்ள வழி உண்டு. கணினியில் வீடியோ பார்க்க உதவும் விஎல்சியில் முழுத்திரையில் பார்க்கும்போது கட்டுப்பாட்டுப் பட்டை தோன்றாமல் இருக்கும்படி அமைப்பை மாற்றலாம். அந்த வசதி இல்லாதவர்கள் திரையின் அடியோரத்தில் காகிதம் ஒட்டிக்கொள்வதும் நடைமுறையில் வேலை செய்யும். சிரிப்புக்கு இடமான ஏற்பாடுதான் என்றாலும் உலகக் கோப்பை நாட்களில் நான் அதைத் தயங்காமல் செய்வேன்.

காட்டிக்கொடுக்கும் மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுகளை அடுக்கிக் காட்டும் மென்பொருள்கள் ஒவ்வொரு கோப்புக்கும் அதனுள்ளிருந்தே ஒரு படத்தை எடுத்து முகப்பாக வைக்கின்றன. அந்தப் படத்தில் ஸ்கோர் பலகை இருந்தால் கதை முடிந்தது. ஆட்டங்கள் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். பெட்டியை இயக்கியவுடன் கடைசியாகப் பார்த்த சேனல் தானாக ஓடத் தொடங்கும் என்பதால், அதை முன்னதாகவே விளையாட்டுக்குத் தொடர்பில்லாத சேனலில் நிறுத்திவிட்டு அணைக்க வேண்டும். கைப்பேசியில் ஸ்கோர் செயலிகளின் அறிவிப்பை நிறுத்தியவர்கள் கைக்கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரீமிங் செயலிகள் இதில் எல்லாவற்றையும்விட மோசம்: முழு ஆட்டத்தைத் தேடிச் செல்லும் நமக்கு முகப்பிலேயே ஹைலைட்ஸ் படமும், கடைசி நிமிட வெற்றி என்ற தலைப்பும் வைத்திருக்கும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது எப்படியும் தேவை. ஆனால் “நான் எதுவும் சொல்லமாட்டேன், ஆனால் நீ அவசியம் பார்க்க வேண்டும்” என்று சொல்பவரும் முடிவில் பாதியைச் சொல்லிவிட்டார் என்பதை அவருக்குப் புரிய வைப்பது எளிதன்று.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்தங்கிப் பார்ப்பது இவற்றுக்கெல்லாம் பாதி மருந்து. ஆட்டம் தொடங்கி 20 நிமிடம் கழித்துப் பதிவை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினால், 15 நிமிட இடைவேளையைத் தாண்டிவிடலாம். காயங்களுக்கும் ஆள் மாற்றத்துக்கும் ஆகும் நேரத்தில் சிறிது சிறிதாகத் தாண்டினால் கடைசி விசில் நேரத்தில் நேரலையை ஏறத்தாழ எட்டிப் பிடித்துவிடலாம். முடிவு உலகுக்குத் தெரியும் நேரத்திலேயே நமக்கும் தெரிவதால் ஒளிந்து வாழ வேண்டிய நேரம் மிகவும் குறைகிறது. இன்னொரு நன்மை, பதிவு இன்னும் முடியாததால் அதன் மொத்த நீளம் பெட்டிக்கும் தெரியாது; கோடு நம்மிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. கால்பந்தில் 45 நிமிடமும் ஆட்டம் இடைவிடாமல் ஓடுவதால், ஓவருக்கு ஓவர் விளம்பரம் வரும் கிரிக்கெட்டைப் போல இங்கே அதிக நேரத்தை மிச்சப்படுத்த முடியாது. ஆகவே 40 நிமிடம் தாமதமாகத் தொடங்கிவிட்டு எட்டிப் பிடிக்க நினைப்பது வீண். இடையில் ஆட்டத்தையே தாண்டும் ஆசை வந்துவிடும்.

தாண்டும் பொத்தானைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 30 நொடித் தாவல் கால்பந்துக்குப் பொருத்தமானது. 5 நிமிடத் தாவல் ஆபத்தானது. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக ஜெர்மனி 23-ஆவது நிமிடத்திலிருந்து 29-ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல்கள் அடித்தது. அந்த நேரத்தில் ஒரே ஒரு தாவல் தாவியவர் 1-0 என்ற நிலையிலிருந்து 4-0 என்ற நிலையில் போய் விழுந்திருப்பார். பெட்டி பழுதாகிவிட்டதோ என்று ஐயுற்றிருப்பார். 2018 உலகக் கோப்பையிலிருந்து விஏஆர் எனப்படும் வீடியோ நடுவர் பரிசீலனைகளும் நம்மைச் சோதிக்கின்றன. நடுவர் காதில் கை வைத்து நிற்கும் இரண்டு, மூன்று நிமிடங்களைத் தாண்டிவிடலாம் என்று தோன்றும். தாண்டினால் நாம் இறங்குமிடம் பெரும்பாலும் தீர்ப்புக்குப் பிந்தைய கூச்சல்தான். அந்தக் காத்திருப்பும் ஆட்டத்தின் பகுதியாகிவிட்டது என்று ஏற்றுக்கொண்டு, அங்கே பொத்தானைத் தொடாமல் இருப்பதே மேல்.

வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதும் இன்று எளிது. குரலின் சுருதி மாறாமல் 1.2 மடங்கு வேகத்தில் ஓட்ட முடியும். ஹைலைட்ஸுக்கும் ஆட்டத்துக்கு முந்தைய அலசல்களுக்கும் அது போதும். ஆட்டத்துக்கு அதை நான் ஏற்பதில்லை. ஒரு நடுக்கள வீரர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார், எந்தக் கணத்தில் விடுவித்தார் என்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. வேகத்தை மாற்றினால் எல்லா வீரர்களும் அவசரக்காரர்களாகத் தெரிவார்கள்.

படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது முறையன்று. மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளின் எச்டி சேனல்கள் பலவற்றில் நொடிக்கு 50 அரைப் படங்கள் வருகின்றன: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இவற்றைத் திரைக்கேற்ற முழுப் படங்களாக மாற்றும் வேலையைப் பெட்டியோ தொலைக்காட்சியோ செய்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்பட்ட பந்து நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் செல்லும். நொடிக்கு 25 படங்களாகப் பார்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் பந்து ஒரு மீட்டருக்கு மேல் தாவுகிறது. 50 படங்களாகப் பார்த்தால் அரை மீட்டர்தான் தாவுகிறது. கணினியில் பதிவைப் பார்ப்பவர்கள், இரண்டு அரைப் படங்களையும் ஒன்றாக ஒட்டி 25 ஆகக் குறைக்கும் முறையைத் தவிர்த்து, 50 படங்களைத் தரும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விஎல்சியில் அது யாடிஃப் 2எக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. தொலைக்காட்சியில் ‘அசைவை மென்மையாக்கும்’ அமைப்பு இருந்தால் அதை அணைப்பது நல்லது. இல்லாத படங்களை ஊகித்து இடையில் செருகும் அந்த அமைப்பு, கூட்டத்தின் பின்னணியில் பறக்கும் பந்தைச் சில வேளைகளில் காணாமலே போக்கிவிடும்.

நம் கருவிகள் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் ஒளிபரப்பாளர் தந்ததைத்தான் அவை சேமிக்கும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2010 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்தின் ஜெரார்டு 4-ஆவது நிமிடத்தில் கோல் அடித்தபோது, பிரிட்டனின் ஐடிவி எச்டி சேனலில் தவறுதலாக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பதிவு செய்தவர்களிடம் இன்றும் இருப்பது அந்த விளம்பரம்தான்.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு வீட்டில் பதிவு செய்வது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. முழு ஆட்டத்தையும் பிறகு பார்க்கும் வசதியைப் பல சேவைகள் தருகின்றன. ஆனால் அந்த ஆட்டம் எத்தனை நாள் இருக்கும் என்பதை உரிம ஒப்பந்தம் முடிவு செய்கிறது. பொத்தான்கள் எப்படி இயங்க வேண்டும் என்பதைச் செயலி முடிவு செய்கிறது. நேரலையிலும் ஸ்ட்ரீமிங் பின்தங்கியே வரும். படத்தைச் சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டி அனுப்பி, அவற்றில் இரண்டு, மூன்று துண்டுகள் கையில் சேர்ந்த பிறகே ஓட்டத் தொடங்கும் முறை என்பதால் அரை நிமிடத் தாமதம் சாதாரணம். அடுத்த வீட்டில் கோல் என்று கத்துவது நம் திரையில் பந்து நடுக்களத்தில் இருக்கும்போதே கேட்கும். வீட்டுப் பதிவிலும் முழுச் சுதந்திரம் இல்லை என்பது உண்மைதான். கட்டணச் சேனல்களின் பதிவுகளைப் பெரும்பாலான பெட்டிகள் தமக்கு மட்டுமே தெரிந்த பூட்டைப் போட்டுத்தான் டிஸ்க்கில் எழுதுகின்றன. டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் செருகினால் கோப்பு தெரியும், படம் தெரியாது. பெட்டி பழுதாகி மாற்றப்பட்டால் பழைய பதிவுகளும் அதோடு போய்விடும். இலவசமாகப் பூட்டின்றி வரும் சேனல்களைக் கணினி டியூனரால் பதிவு செய்தவருக்கு மட்டுமே கோப்பு உண்மையில் சொந்தம்.

சட்டத்தின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் தொடர்பான வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் ஒளிபரப்பைப் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தன் வீட்டில் பார்ப்பதற்கு வைத்திருப்பதும் அதை இணையத்தில் ஏற்றுவதும் முற்றிலும் வேறு வேறு செயல்கள் என்பதில் மட்டும் எங்கும் குழப்பமில்லை.

எந்த ஆட்டங்களை வைத்துக்கொள்வது என்பதில் நான் கஞ்சன். பெரும்பாலானவற்றைப் பார்த்த அன்றே அழித்துவிடுகிறேன். 2005-இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மிலானுக்கு எதிராக 0-3 என்று பின்தங்கிய லிவர்பூல் ஆறு நிமிடங்களுக்குள் மூன்று கோல் அடித்துச் சமன் செய்ததே, அத்தகைய ஆட்டங்கள் மட்டுமே தங்கும். வைத்துக்கொள்பவற்றின் முன்னும் பின்னும் உள்ள விளம்பரங்களை வெட்டும்போது, படத்தை மறுபடி சுருக்காமல் நேரடியாக நறுக்கும் மென்பொருளையே பயன்படுத்துகிறேன். இந்த முறையில் முழுமையாகச் சேமிக்கப்பட்ட படம் இருக்கும் இடத்தில்தான் வெட்டு விழும் என்பதால் ஓரிரு நொடி முன்னதாகவே வெட்டத் தொடங்க வேண்டும். வேலையோ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், தரமும் குறையாது. இப்படி வெட்டினால் கோப்பின் நீளம் மறுபடி உண்மையைச் சொல்லத் தொடங்கிவிடும் என்பதால், வீட்டில் எல்லாரும் அந்த ஆட்டத்தைப் பார்த்து முடித்த பிறகே வெட்டுகிறேன். கோப்பின் பெயரில் தேதியும் இரண்டு அணிகளின் பெயரும் மட்டும் இருக்கும், ஸ்கோரை எழுதுவதில்லை.